கடல் பார்த்த அறை

அத்தியாயம் 11

அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட் பரிசு கப்பல் பயணம் என்று பாலகுமார் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அறிவித்து ஆறு நாள் ஆகியிருந்தது. அதற்குள் பெங்களூர் மர்பி டவுனில் அந்தச் செய்தி எட்டாத வீடு இல்லை. அந்த வேலையை அவன் அப்பா அர்ஜுனன் பார்த்துக்கொண்டார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் குரலுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை.

"கப்பலுக்குள்ளயே நீச்சல் குளம் இருக்குதாம்பா. கடல் மேல குளம்! இன்னா சொல்ற?" என்று மாவு மிஷின் வாசலில் நின்று அவர் கேட்டபோது, வரிசையில் நின்ற நாலு பேரும் மாவை மறந்துவிட்டுக் கேட்டார்கள்.

பரிசைப் பெற வேண்டிய சாந்தகுமாரி மட்டும் இதுவரை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். நேற்று வெள்ளிக்கிழமையோடு அதுவும் முடிந்தது. எம்.ஜி. ரோடு பக்கம் இருக்கும் ஒரு பெரிய ஹோட்டலில் முப்பத்தொரு வருஷம். கக்கூஸ் கழுவும் பெண்ணாகச் சேர்ந்தவர், நாலு மாடிக்கு ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக வெளியே வந்தார். மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அந்த ஹோட்டலிலிருந்தே ஃபோன் வந்தது.

கை முழுக்க மாவு. "ஸ்பீக்கர்ல போடும்மா" என்றார் சாந்தகுமாரி. மருமகள் பார்கவி போட்டாள்.

"சாந்தம்மா, நீவே பர்பேக்கு!"

ஹவுஸ்கீப்பிங் மேனேஜர் கிருஷ்ணப்பா. நீங்கள்தான் வர வேண்டும் என்று கன்னடத்தில் ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. புதிதாகப் பதினெட்டுப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்கும் படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கத் தெரியவில்லை. ஆறு மாதம் கான்ட்ராக்ட், டிரெய்னர் வேலை, இனிமேல் குனியவே வேண்டாம், நின்று சொல்லிக்கொடுத்தால் போதும். வருகிற மாதம் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை சேர வேண்டும். இன்று ஐந்து மணிக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளை எடுக்க மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

"அஞ்சு மணிக்கு ஹேள்த்தீனி சார்" என்று, சொல்கிறேன் என்பதைக் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு, சாந்தகுமாரி மாவைப் பிசைய ஆரம்பித்தார்.

பார்கவி காலண்டரைப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. பாலகுமார் சொன்ன கப்பல் சென்னையிலிருந்து கிளம்பும் தேதியும் அதே ஒன்பதுதான்.

"அத்தை, அன்னிக்குத்தானே கப்பல்?"

"தெரியும்."

"அப்போ?"

"அப்போன்னா? மத்தியானம் அந்த டிராவல்ஸ்காரன்கிட்ட போய்ப் பாப்போம். என்னான்னே தெரியாத ஒண்ணை வேணும்னும் சொல்ல முடியாது, வேணாம்னும் சொல்ல முடியாது."

பாலகுமாருக்கு அன்று ஓசூரில் டியூட்டி. முதல் நாளே பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தான். "அட்வான்ஸ் கட்டிட்டேன். ரூமை அவங்களே எடுக்கட்டும். எப்படியாவது சரின்னு சொல்ல வெச்சிடு. அந்தம்மா வாழ்க்கையில ஒரு நாள் கூட அடுத்தவங்க விரிச்ச படுக்கையில படுத்ததில்ல."

அது பார்கவிக்கும் தெரியும். பொம்மசந்திராவில் மாத்திரைக் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஓடுகிற பெல்ட்டில் மாத்திரை அட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்து, காலியாக இருக்கும் குழியைக் கண்டுபிடித்து எடுத்துப் போடுவது. இந்த வீட்டில் காலியாக இருக்கும் குழி எது என்று கல்யாணமான மூன்றாவது மாதமே கண்டுபிடித்துவிட்டாள். சாந்தகுமாரிக்கு யாரும் எதுவும் செய்ததில்லை. செய்யவிட்டதும் இல்லை.

"மாமா, நீங்களும் வாங்களேன்" என்றாள் கிளம்பும்போது.

"நான் எதுக்கு? துணி எடுக்கப் போற மாதிரி ரூம் எடுக்கப் போறீங்க" என்றார் அர்ஜுனன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "ஜன்னல் பெருசா பாத்து எடுங்க. போங்க."

டிராவல்ஸ்காரர் டிரேவரின் ஆபீஸ் அல்சூர் பஜாரில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. காக்ஸ் டவுன்காரர், ஐம்பது வயது, இங்கிலீஷைத் தமிழ் மாதிரியும் தமிழை இங்கிலீஷ் மாதிரியும் பேசுகிறவர். மூன்று மணிக்கு இருவரும் படியேறிப் போனபோது அவருக்கு அது சுலபமான வியாபாரமாகத் தெரிந்திருக்கும். காட்டன் புடவையில் ஒரு வயதான அம்மா, கூட மருமகள். பளபளக்கும் படங்களை மேஜையில் பரப்பினார்.

"ஃபர்ஸ்ட் டைம்தானே ஆன்ட்டி? டூ நைட்ஸ் எடுங்கோ. சும்மா கடலுக்குள்ள போயிட்டு வரும். டேஸ்ட் பாருங்க. பிடிச்சா நெக்ஸ்ட் இயர் பெருசு."

"எத்தனை மணிக்கு உள்ள விடுவாங்க?"

"டுவெல்வுக்கு வரச் சொல்வாங்க. கிளம்ப ஆறு மணி ஆயிடும்."

"எறக்கி விடுறது?"

"மூணாம் நாள் காலைல எட்டு மணி."

"அப்போ ரெண்டு ராத்திரிக்கு நடுவுல ஒரே ஒரு பகல். அதுல பாதி, சாப்பாட்டு ஹால் எங்க, படி எங்கன்னு தேடுறதுலயே போயிடும். வழி பழகுறப்ப பெட்டி கட்டச் சொல்லுவான். மொத தடவை போறவங்களுக்குத்தான் நாலு ராத்திரி வேணும். பழகினவங்களுக்கு ரெண்டு போதும்."

டிரேவர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். "கரெக்ட்தான். யாரும் இப்படிச் சொன்னதில்ல. அப்போ நாலு நைட்ஸ், நைன்த் மண்டே டு ஃப்ரைடே, ஃபாரின் போர்ட் தொட்டு வரும், பாஸ்போர்ட் வேணும்."

"கப்பல்ல ரூம் எத்தனை?"

"எழுநூறுக்கு மேல இருக்கும்."

சாந்தகுமாரியின் உதடு மட்டும் அசைந்தது. "எட்டு மணிக்கு எல்லாரும் எறங்குறாங்க. அன்னிக்கே பன்னெண்டு மணிக்கு அடுத்த கூட்டம் ஏறுது. நாலு மணி நேரத்துல எழுநூறு ரூம். ஆகாது தம்பி. ரெண்டு மணி ஆகும், ரெண்டரை கூட ஆகும். பெட்டி ரூமுக்கு வர சாயங்காலம் ஆயிடும். மாத்திரை, ஒரு மாத்துத் துணி, ஃபோன் சார்ஜர், இதெல்லாம் கைப்பையில இருக்கணும். போறவங்ககிட்ட இதைச் சொல்றீங்களா நீங்க?"

டிரேவர் சொன்னதில்லை. போன வருஷம் ஃப்ரேசர் டவுன் ஆள் ஒருவர் சர்க்கரை மாத்திரையைப் பெட்டியில் வைத்துவிட்டு ராத்திரி ஏழு மணி வரை தவித்து, திரும்பி வந்து இந்த மேஜையைத் தட்டிக் கத்தினாராம். அதைச் சொல்லிவிட்டு ஒரு தாளை எடுத்துக் 'கைப்பை' என்று எழுதிக்கொண்டார்.

பார்கவி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பேசிச் சம்மதிக்க வைக்க வந்தவள் அவள். வந்த இடத்தில் அவளுக்கு வேலையே இல்லை. கப்பலை இந்த அம்மா படத்தில்தான் பார்த்திருக்கிறார், அதுவும் இன்றைக்குத்தான். ஆனால் பெரிய கட்டடம் எதுவாக இருந்தாலும், தண்ணீரில் மிதந்தாலும் சரி, அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இந்த ரேட் கொஞ்சம் கம்மி" என்று டிரேவர் ஒரு வரியைக் காட்டினார். "இதுல ரூம் நம்பர் இப்ப தரமாட்டாங்க. கம்பெனியே கடைசில ஒரு ரூம் ஒதுக்கும். லக் இருந்தா சூப்பர் ரூம் அடிக்கும்."

"அடிக்காது. யாரும் வேணாம்னு விட்டதுதான் கடைசில மிஞ்சும். ராத்திரி பதினோரு மணிக்கு வர்ற பார்ட்டிக்கு நாங்க எதைத் தள்ளி விடுவோம்னு நெனைக்கிறீங்க?"

டிரேவர் வாய்விட்டுச் சிரித்தார். டீ சொன்னார். கப்பலின் மாடி மாடியான வரைபடத்தை எடுத்து மேஜை முழுக்க விரித்தார். இனி விற்பதை விட்டுவிட்டு இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்போம் என்று முடிவு செய்துவிட்டவர் போல இருந்தது.

"ஜன்னல் இல்லாத உள் ரூம் வேணாம்" என்றார் சாந்தகுமாரி. "காலைல எழுந்தா பகலா ராத்திரியான்னு தெரியாது. பால்கனியும் வேணாம். அது எல்லாம் மேல் மாடில இருக்கு. மேல போகப் போக ஆடும் இல்ல?"

"ஆடும் ஆன்ட்டி. கீழ் மாடி, நடு பாகம், அங்கதான் ஆட்டம் கம்மி. வாந்தி வர்ற பார்ட்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன்."

"அப்போ அஞ்சாவது மாடி. இது ரெண்டும் ஜன்னல் ரூம்தானே, ஏன் ரேட் கம்மி?"

"அது வந்து... வெளில உயிர் காக்கிற போட் தொங்கும். ஜன்னல் இருக்கும். கடல் தெரியாது."

"எங்க மூணாவது மாடி கடைசி ரூம் மாதிரி. சிட்டி வியூன்னு போட்டிருக்கும். திரையை வெலக்கினா ஜெனரேட்டர்." அந்த இரண்டு கட்டங்களையும் விரலால் தாண்டினார். அந்த விரல் மடமடவென்று ஓடி, ஓர் இடத்தில் நின்றது. "இது. இது காலியா?"

டிரேவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "காலிதான். ஆனா ஆன்ட்டி..."

"இதைப் போடுங்க."

பார்கவி குனிந்து பார்த்தாள். அந்த அறைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. எல்லாக் கட்டத்திலும் நம்பர் இருக்க, அதில் மட்டும் இல்லை. அவள் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

"இந்தக் காலிக் கட்டம் என்னங்க?"

"ஸ்டாஃப் ஏரியா" என்றார் டிரேவர். "பெட்ஷீட், டவல் எல்லாம் அடுக்கி வெக்கிற ரூம். பக்கத்துலயே சர்வீஸ் லிஃப்ட்."

"அதுக்குத்தான் எடுத்தேன்" என்றார் சாந்தகுமாரி. "லினன் பக்கத்துல, லிஃப்ட் பக்கத்துல, வெந்நீர்க் குழாய் பக்கத்துல. அந்த மாடியிலேயே இதுதான் வசதி."

"யாருக்கு அத்தை வசதி?"

சாந்தகுமாரி விரலை அந்தக் கட்டத்திலிருந்து எடுத்தார்.

கீழே கண்ணாடிக் கடையில் யாரோ ஷட்டரைப் பாதி இறக்கி மறுபடி தூக்கினார்கள். டீ வந்தது. சாந்தகுமாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அப்புறம் சிரித்தார். மூன்று வருஷத்தில் பார்கவி கேட்டிராத சிரிப்பு. தன்னையே கையும் களவுமாகப் பிடித்துவிட்ட ஆள் சிரிக்கும் சிரிப்பு.

"அஞ்சு மணிக்கே டிராலி உருள ஆரம்பிச்சிடும். கதவு டமார் டமார்னு அடிக்கும். பொண்ணுங்க அங்க நின்னுதான் சண்டை போடுவாங்க, அங்க நின்னுதான் அழுவாங்க. அந்த ரூம்காரன் டெய்லி ஃபோன் பண்ணித் திட்டுவான். முப்பத்தொரு வருஷமா சாரி சாரின்னு சொல்லியிருக்கேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான் போய் அதையே எடுத்தேன் பாரு. நின்னு வேலை பாக்க எடுத்திருக்கேன். படுக்க எடுக்கல."

"இப்ப படுக்க எடுங்க."

"இரு."

வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த கால் மணி நேரம் அதிலேயே போனது. நாலாவது மாடியை எடுத்து அஞ்சாவதுக்குக் கீழே வைத்துப் பார்த்தார், ஆறாவதை மேலே வைத்துப் பார்த்தார். தலைக்கு மேல் டான்ஸ் ஹால் வந்த இடத்தை எல்லாம் பென்சிலால் அடித்தார். காலுக்குக் கீழே சமையலறை வந்த இடத்தையும் அடித்தார். மாடிப்படி வாசலை ஒட்டிய அறைகள் போயின. பிறகு டிரேவரிடம் காட்டி, "இந்தச் சின்னக் கோடு, ரெண்டு ரூமுக்கும் நடுவுல கதவா?" என்றார்.

"ஆமா. ஃபேமிலிக்குத் தொறந்து விடுவாங்க."

"அடிச்சிடுங்க. அந்தக் கதவு வழியா பக்கத்து ரூம் இருமல் நம்ம தலகாணியில கேக்கும்."

மிஞ்சியது மூன்று. இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. மூன்றாவது இருந்தது. கப்பலின் நட்ட நடுவே, மேலேயும் அறை, கீழேயும் அறை, இரண்டு பக்கமும் அறை, வெளியே கடல்.

"இது" என்றார். "இதுலதான் நான் தூங்குவேன்."

அந்த 'நான்' பார்கவியின் காதில் தனியாக விழுந்தது. ஆறு நாளாக வீட்டில் எல்லோரும் காத்திருந்த பதில் அது. சொன்னவர் அதைப் பதிலாகவே நினைக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"கட்டில் ஒண்ணா, ரெண்டா?"

"எப்படி வேணும்னாலும் போடுவாங்க ஆன்ட்டி. சேர்த்து, இல்லன்னா பிரிச்சு."

"பிரிச்சே போடச் சொல்லுங்க. முப்பத்தஞ்சு வருஷக் குறட்டை. கடல்லயாவது ஒரு அடி தள்ளி இருக்கட்டும்."

மணி நாலே முக்கால். சாந்தகுமாரி ஃபோனை எடுத்து கிருஷ்ணப்பாவுக்குப் போட்டார். இந்த முறை அவரே ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், அஞ்சு மணிக்குச் சொல்றேன்னு சொன்னேன்."

"இன்னும் என்ன சாந்தம்மா சொல்றதுக்கு?" கிருஷ்ணப்பா குஷியாக இருந்தார். பாதி கன்னடம், பாதி தமிழ். "உங்க யஜமான்ரு அர்ஜுனன் ரெண்டு மணிக்கே ஃபோன் பண்ணிட்டாரே! கப்பல் எல்லாம் சும்மா பசங்க பேச்சு, அவ ஒன்பதாம் தேதி வந்துடுவான்னு சொன்னாரு. டியூட்டி லிஸ்ட்ல பேர் போட்டாச்சு."

பார்கவி டீ கிளாஸை மேஜையில் வைத்தாள். இரண்டு மணி. இவர்கள் இருவரும் கிளம்புவதற்கு முன்னால். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ஜன்னல் பெரிதாக எடுங்கள் என்று மாமா சொன்னபோது, அந்த ஃபோன் பேசி முடித்தாகிவிட்டது.

மாவு மிஷின் வாசலில் கடல் மேல் குளம் கட்டியவர்.

சாந்தகுமாரி ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை. விருந்தாளி காலி செய்த அறையில் நுழைந்து, என்ன உடைந்திருக்கிறது என்று பார்ப்பவரின் பார்வை அது.

"சார், அங்க வந்து நின்னு வேலை பாக்கப் போறது அவரா?"

எதிர்முனையில் சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் பதிமூணாம் தேதி வெள்ளிக்கிழமை சென்னையில எறங்குறேன். பதினாறாம் தேதி திங்கள் காலைல ஆறு மணிக்கு உங்க முன்னாடி நிப்பேன். ஒரு வாரம் வெயிட் பண்ண முடியும்னா பேரை வைங்க. முடியாதுன்னா வேற ஆளுக்குக் குடுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"சாந்தம்மா, பதினெட்டுப் பொண்ணுங்க..."

"ஒரு வாரம் தப்பாவே மடிக்கட்டும் சார். கெஸ்ட்டுகிட்ட நாலு திட்டு வாங்கட்டும். அப்பத்தான் நான் சொல்றது மண்டையில ஏறும்."

மேலிடத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார் கிருஷ்ணப்பா. வைத்துவிட்டார். வேலை போனாலும் போகும் என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. சாந்தகுமாரிக்கும் அது கேட்டிருக்கும். அவர் ஃபோனைப் பைக்குள் போட்டார்.

பார்கவிக்குக் கையெடுத்துக் கும்பிடலாமா என்று இருந்தது. செய்தால் அத்தை திட்டுவார் என்பதால் செய்யவில்லை.

டிரேவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஃபாரத்தை இழுத்தார். "ஆன்ட்டி, மெயின் கெஸ்ட் அங்கிள் பேர்தானே?"

"என் பேர் போடுங்க. சாந்தகுமாரி."

எழுதினார். "செகண்ட் கெஸ்ட் அங்கிள்?"

"அதைக் காலியா விடுங்க."

"சிஸ்டம் காலியா எடுக்காது ஆன்ட்டி. ரெண்டு பேரோட பாஸ்போர்ட் வேணும். நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் ரூமைப் பிடிச்சு வெக்கிறேன். அதுக்கு மேல முடியாது."

"பத்து மணிக்குள்ள சொல்றேன்."

படியிறங்கும்போது பார்கவி மெதுவாக ஆரம்பித்தாள். "அத்தை, மாமாவுக்குத் தண்ணின்னா பயமா இருக்குமோ என்னவோ. ஊரெல்லாம் சொல்லிட்டு இப்ப எப்படிப் பின்வாங்குறதுன்னு..."

"பயம் இருந்தா இருக்கட்டும். அதுல என்னா இருக்கு? என்கிட்ட சொல்லணும். கிருஷ்ணப்பாகிட்ட ஏன் சொன்னாரு?"

பார்கவி கடைசிப் படியில் இறங்கி ஆட்டோ தேடினாள்.

ரோட்டில் சனிக்கிழமைக் கூட்டம். கோயில் பக்கமிருந்து வந்த ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. சாந்தகுமாரியின் பைக்குள் ஃபோன் அடித்தது. திரையில் அர்ஜுனன் பெயர்; பார்த்துவிட்டு அடிக்க விட்டார். மறுபடி அடித்தது. அதையும் விட்டார். மூன்றாவது முறை எடுத்தார்.

"வந்துக்கிட்டிருக்கோம். ரூம் எடுத்தாச்சு."

அர்ஜுனன் பேசினால் ஃபோன் யார் காதில் இருந்தாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். இப்போது பார்கவிக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

சாந்தகுமாரி இன்னும் சில நொடி காதில் வைத்திருந்தார். பிறகு வைத்துவிட்டார். ஓர் ஆட்டோ வேகத்தைக் குறைத்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தி, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பார்கவி, உன் பாஸ்போர்ட் எங்கம்மா இருக்கு?"